எல்லைக்கல்லுக்கு வெளியே இருக்கும் கிணறு

என் கொல்லைக்குக் கீழே பழுப்பு நிலக்கரி இருந்தால் அதைத் தோண்டி எடுக்க எனக்கு உரிமை கிடையாது. 1957-ஆம் ஆண்டின் கனிமச் சட்டப்படி அரசு தரும் குத்தகை வேண்டும். அதே கொல்லைக்குக் கீழே தண்ணீர் இருந்தால் அது என்னுடையது. போர் போட்டு இறைத்துக்கொள்ளலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பண்ருட்டி பக்கத்துத் திருவதிகையிலிருந்து தெற்கே பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் நெய்வேலி வந்துவிடும். அங்கே நிலக்கரியும் தண்ணீரும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கின்றன. மேலே இருப்பதை எடுக்க வேண்டுமானால் கீழே இருப்பதை இறைத்தே ஆக வேண்டும்.

நெய்வேலியில் நிலக்கரி இருப்பதே தண்ணீரைத் தேடியபோதுதான் தெரிந்தது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணற்றுக்குத் துளை போட, கறுப்பாக ஏதோ வந்தது. 1956-இல் அதை எடுக்க நிறுவனம் அமைந்தது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். நிலக்கரிப் படுகைக்கு அடியில் இருக்கும் மணல் அடுக்கில் தண்ணீர் பெரும் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கிறது. அந்தக் காலத்தில் நெய்வேலிக்குத் தெற்கே சில ஊர்களில் குழாய் இறக்கினால் மோட்டாரே இல்லாமல் தண்ணீர் தானாக வழிந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த அழுத்தத்தைக் குறைக்காமல் மேலே தோண்டினால் சுரங்கத்தின் தரையையே தண்ணீர் பிளந்துவிடும். அதனால் சுரங்கத்தைச் சுற்றிக் குழாய்க் கிணறுகள் போட்டு ராப்பகலாக இறைக்கிறார்கள். சுரங்கம் நடக்கும்வரை இறைப்பை நிறுத்த வழியில்லை.

இதில் எல்லாமே நஷ்டக் கணக்கு என்று சொல்வது நியாயமாகாது. இறைத்த தண்ணீர் அனல்மின் நிலையத்துக்குப் போகிறது, குடிநீருக்குப் போகிறது, வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய் அங்குள்ள வயல்களை நனைக்கிறது. அந்தப் பக்கத்து விவசாயியைக் கேட்டால் சுரங்கத் தண்ணீர் நின்றுவிடக் கூடாது என்பார். இப்படி இறைப்பதால் ஒரு ஊரின் போரில் கீழே இறங்கிப்போகும் தண்ணீர் இன்னொரு ஊரின் வாய்க்காலில் ஓடுகிறது. ஓடட்டும். போரில் தண்ணீர் இறங்கிப்போனவருக்கு யார் பதில் சொல்வது என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்விக்கு நம் சட்டம் எங்கிருந்து விடை எடுத்தது என்று தேடிப் போனால் இங்கிலாந்தின் லங்காஷயரில் போய் நிற்கிறோம். பஞ்சாலைக்காரர் ஒருவர் 1821-இல் கிணறு வெட்டினார். 1837-இல் பக்கத்து நிலத்தில் நிலக்கரிச் சுரங்கம் தோண்டினார்கள். கிணறு வற்றியது. ஆக்டன் எதிர் பிளண்டெல் என்ற அந்த வழக்கில் 1843-இல் தீர்ப்பு வந்தது. தன் நிலத்துக்குக் கீழே இருப்பதை எடுக்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. அதனால் அண்டை வீட்டுக் கிணறு வற்றினால் அது நஷ்டம்தான், ஆனால் வழக்குப் போட முடியாது என்றார்கள். நிலத்தடியில் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று அறிவியல் சரியாகச் சொல்லாத காலம் அது. இதே எண்ணம்தான் 1882-ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டத்தில் நுழைந்தது: நிலத்துக்காரர் தன் எல்லைக்குள் நிலத்தடி நீரை எடுத்துப் பயன்படுத்தலாம். அந்தச் சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த இடங்களில் நம் சென்னை மாகாணமும் ஒன்று. சுரங்கத்துக்குச் சாதகமாக எழுதிய தீர்ப்பு, சுரங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்களுக்கு உரிமைப் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறது!

2023 ஜூலை 26-ஆம் தேதி நெய்வேலிச் சுரங்கத்தை ஒட்டிய வளையமாதேவியில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய்க்காகக் கதிர் வரும் நெல்மீது பொக்லைன் இறங்கியது. அந்தச் சமயத்தில் நெய்வேலித் தொழிலாளர் போராட்டம் தொடர்பான வழக்கை விசாரித்துக்கொண்டிருந்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி தண்டபாணி, வாடிய பயிரைக் கண்டு வாடிய வள்ளலாரைக் குறிப்பிட்டு வருந்தினார். இரண்டு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா என்றும் கேட்டார். பிறகு பயிர் தொடர்பான வழக்கில் நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம் ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னார். நிலத்துக்கு விலை உண்டு, அழிந்த பயிருக்கு விலை உண்டு, கையகப்படுத்திய நிலத்துக்குள் கிணறு இருந்தால் அதற்கும் மதிப்புப் போடுவார்கள். எல்லைக்கல்லுக்கு ஒரு மைல் வெளியே இருப்பவரின் கிணறு எந்தப் பட்டியலிலும் கிடையாது. அவர் நிலத்தை யாரும் எடுக்கவில்லையே!

தமிழ்நாட்டில் நிலத்தடி நீருக்கென்று சட்டமே வரவில்லை என்று சொல்ல முடியாது. 2003-இல் ஒன்றை நிறைவேற்றினார்கள். பத்து வருஷம் அதை நடைமுறைக்குக் கொண்டுவராமலே வைத்திருந்து 2013-இல் ரத்தும் செய்துவிட்டார்கள். சென்னைக்கு மட்டும் 1987-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. அந்தச் சென்னைக்குத் தாகம் எடுத்தபோது நெய்வேலிப் பக்கத்து நிலத்தடி நீரையும் குழாயில் கொண்டுபோனார்கள் என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன். மற்ற மாவட்டங்களுக்கு அரசாணைகள்தான்.

பெரிய சுரங்கம் மட்டுமல்ல, மண்ணும் மணலும் அள்ளும் சின்னப் பள்ளங்களின் கதையும் உண்டு. சவுட்டு மண் என்று பர்மிட் வாங்கி மணலை அள்ளுவது பற்றி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021-இல் கடுமையாகவே சொன்னது: மண்ணைச் சோதித்துப் பார்க்காமல் சவுடு என்று அனுமதி தரக் கூடாது. சாலை, குழாய்த் திட்டங்களுக்கு மண் எடுக்கச் சுற்றுச்சூழல் அனுமதியே வேண்டாம் என்று ஒன்றிய அரசு 2020 மார்ச்சில், கொரோனா ஊரடங்கு தொடங்கிய அதே வாரத்தில் அறிவித்தது. அந்த விலக்கை 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நாலுவழிச் சாலை தங்கள் ஊர்ப் பக்கமாகப் போகும் பண்ருட்டிக்காரர்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல.

சரி, கிணறு வற்றியதற்குச் சுரங்கம்தான் காரணம் என்று எப்படி நிரூபிப்பது? நாமும் சும்மா இல்லை. 1990-லிருந்து இலவச மின்சாரம்; கரும்புக்கும் நெல்லுக்கும் சப்மெர்சிபிள் இறக்கி நாமும் உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கிறோம். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுப்பது இந்தக் கேள்வியைத்தான். ஆனால் லங்காஷயர் தீர்ப்பு நம்மைக் கட்டிப்போட வேண்டியதில்லை. வேலூர் மாவட்டத்துத் தோல் பதனிடும் ஆலைகள் பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது நேர் எதிரானது: கெடுதல் வராது என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது. வேலூரில் கெட்ட தண்ணீருக்கு ஒப்புக்கொண்டதை நெய்வேலியில் இறங்கிய தண்ணீருக்கும் ஒப்புக்கொள்ள வேண்டும். என் கட்சி இதுதான். 2010-ஆம் ஆண்டின் பசுமைத் தீர்ப்பாயச் சட்டமும் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டைப் பின்பற்றும்படி தீர்ப்பாயத்துக்குச் சொல்கிறது.

பொறுப்பு அவர்களுடையதானாலும் நம் கையில் ஏதாவது காகிதம் வேண்டும். போர் போட்ட வண்டிக்காரர் கொடுத்த ரசீது, எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்ற விவரம், மோட்டாரை எந்த வருஷம் எத்தனை அடி கீழே இறக்கினோம் என்ற குறிப்பு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அரசு அளக்கும் கண்காணிப்புக் கிணறுகளின் அளவுகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். சுரங்க விரிவாக்கத்துக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தினால் 30 நாள் முன்பே அறிவிக்க வேண்டும். அங்கே போய் நோட்டைக் காட்டிப் பேசுங்கள், பேசியது பதிவாகிறதா என்று பாருங்கள். சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்துவிட்டால் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான் அவகாசம். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் கிடைக்கும். அதற்குப் பிறகு அந்த மேல்முறையீட்டைத் தீர்ப்பாயம் ஏற்காது.