கடும் தலைக்காயத்துக்குப் பிந்தைய சிகிச்சையில் ஏரோபிக் பயிற்சியைச் சேர்க்கக் கோரும் மனு

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

அனுப்புநர்:
தலைவர், செயலாளர்,
தலைக்காயத்திலிருந்து மீண்டு வருவோரின் குடும்பத்தினர் சங்கம்.

பொருள்: அரசு மருத்துவமனை இயன்முறை சிகிச்சைப் பிரிவுகளில், கடும் தலைக்காயம் அடைந்தோரின் நினைவு, கவனம், சிந்தனைத் திறன் மீள ஏரோபிக் பயிற்சி வழங்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. 17,884 பேர் இறந்தனர். 108 ஆம்புலன்சும், 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டமும் இல்லையென்றால் எங்கள் வீட்டாரில் பலர் இப்படியொரு இறப்புக் கணக்கில்தான் சேர்ந்திருப்பார்கள். அதற்கு எங்கள் நன்றி. அத்திட்டம் காக்கும் முதல் 48 மணி நேரம் முடிந்தபின் வரும் மாதங்களைப் பற்றியது இந்த மனு.

எங்கள் உறுப்பினர் ஒருவரின் கணவர் லாரி ஓட்டுநர். சுயநினைவை அளக்கும் கிளாஸ்கோ கோமா அளவில் 6 என்ற கடும் நிலையில் சேர்க்கப்பட்டவர். மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்து வயிற்றுத் தோலுக்கடியில் வைத்திருந்து, பிறகு திரும்பப் பொருத்திப் பிழைக்கவைத்தார்கள். இன்று தானே நடக்கிறார், தானே சட்டைப் பொத்தான் போட்டுக்கொள்கிறார். ஆனால் கடைக்கு அனுப்பினால், கையில் துண்டுச்சீட்டு இருந்தும் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றுவிடுகிறார். மீதிச் சில்லறையைச் சரிபார்க்க முடிவதில்லை. சாப்பிட்ட அரை மணியில் "இன்னும் சோறு போடலையா?" என்று கோபிக்கிறார். சிகிச்சை பெற்ற இடத்தில், "கை கால் நல்லா வந்துடுச்சு, இனி பிசியோவுக்கு வர வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கை காலைப் பொறுத்தவரை அது சரிதான். டிஸ்சார்ஜ் சம்மரியில் வலிப்பு மாத்திரைக்குக் கீழே 'ஓய்வு' என்று எழுதியிருந்தது. அன்றிலிருந்து அவர் ஓய்வில்தான் இருக்கிறார்.

இந்த முடிவில்லாத ஓய்வுதான் எங்கள் குறை. ஏரோபிக் பயிற்சியாக, இதயத்துடிப்பு ஏறி, மூச்சு வாங்கி, வியர்க்கும் அளவுக்கு வேக நடையோ சைக்கிள் மிதிப்போ தொடர்ந்து செய்யும்போது மூளைக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது. நரம்பணுக்களைப் பேணும் பி.டி.என்.எஃப். என்ற புரதமும் கூடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. 2011இல் அமெரிக்காவில் 120 முதியோரிடம் நடந்த ஆய்வில், ஓராண்டு நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் பகுதி சுமார் 2 சதவீதம் வளர்ந்தது. தலைக்காயத்தில் எளிதில் அடிபடும் பகுதிகளில் அதுவும் ஒன்று. 2015இல் வெளியான மற்றோர் ஆய்வில், மூளைக்காயத்துக்குப்பின் நடக்கக்கூடிய நிலையில் இருந்த 7 பேர், வாரம் மூன்று முறை, முறைக்கு 30 நிமிடம், 12 வாரம் டிரெட்மில்லில் நடந்தார்கள். எண்களையும் எழுத்துகளையும் மாற்றி மாற்றிக் கோடிட்டு இணைக்கும் சோதனையில் அவர்கள் முன்பைவிட வேகமானார்கள்.

ஏழே பேர், ஒப்பீட்டுக் குழுவும் இல்லை. முதியோர் ஆய்வில் இருந்தவர்களோ தலையில் அடிபடாதவர்கள். இதை நாங்களே சொல்லிவிடுகிறோம். ஏரோபிக் பயிற்சி எல்லாவற்றையும் மீட்டுவிடும் என்று நாங்கள் வாதிடவில்லை. அவசரப்பட்டால் கெடுதலும் உண்டு: லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் எலிகளிடம் செய்த சோதனையில், அடிபட்ட முதல் வாரத்திலேயே ஓடவிட்டவற்றுக்குப் பலன் கிடைக்கவில்லை, இரண்டு வாரம் கழித்து ஓடவிட்டவற்றுக்குக் கிடைத்தது. ஆகவே எப்போது தொடங்குவது என்பதை நரம்பியல் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். யூடியூப் பார்த்து நாங்களாகவே செய்துகொள்ளும் நிலைக்கு எங்களைத் தள்ளாதீர்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

முதற்கோரிக்கை: மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும், மருத்துவர் அனுமதித்த தலைக்காய நோயாளிகளுக்கு வாரம் மூன்று நாள், 12 வாரமாவது, இயன்முறை மருத்துவர் மேற்பார்வையில் இப்பயிற்சி தர ஆணையிட வேண்டும். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம். முழங்கால் நோயாளிகளுக்கென்று வாங்கிய நிலைச்சைக்கிளும், ஒரு பல்ஸ் ஆக்ஸிமீட்டரும், ரத்த அழுத்தக் கருவியும் போதும்.

அதற்கான வழிகாட்டு நெறியைத் தமிழில் எழுதித் தர வேண்டும். பொது விதி எல்லாருக்கும் பொருந்தாது என்பதை அது கணக்கில் எடுக்க வேண்டும். புரோப்ரனோலால் மாத்திரை சாப்பிடுபவருக்கு எவ்வளவு மிதித்தாலும் நாடித்துடிப்பு அதிகம் ஏறாது. அவரிடம் பேச முடிகிறதா, பாட முடியாமல் திணறுகிறாரா என்று பார்த்துத்தான் வேகத்தை மட்டிட முடியும். மண்டையெலும்பு திரும்ப வைக்கப்படாதவரை டிரெட்மில் கூடாது. தலைக்கவசம் அணிவித்து, பக்கத்தில் ஆள் நிற்க, சாய்வு இருக்கையுள்ள சைக்கிள்தான் ஏற்றது. வலிப்பு வருபவருக்குத் தனிக் கவனம் வேண்டும்.

தொலைவில் இருப்போர் பேருந்துக் கட்டணத்துக்கே திண்டாடுகிறார்கள். 2021 ஆகஸ்ட் முதல் நடக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவர்களின் பணியில் இதையும் சேர்க்கலாம்.

பயிற்சிக்கு முன்னும் பின்னும் நினைவு, கவனச் சோதனைகள் நடத்திப் பதிவுசெய்ய வேண்டும். சென்னை கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இதற்குப் பொறுப்பேற்று முறையான ஆய்வாகவே நடத்தினால், ஏழு பேர் ஆய்வை வைத்து நாங்கள் வாதாட வேண்டியிராது. பலன் இல்லையென்று தெரிந்தால் அதையும் ஏற்போம்.

இன்னொன்று: 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் மூளைக்காயம் பெயர் குறிப்பிட்டு இல்லை. நடக்க முடிந்தும் நினைவிழந்தவருக்குச் சான்றிதழ் தருவதில் குழப்பம் தீர, தெளிவுரை வழங்கக் கோருகிறோம்.

இவை குறித்து நேரில் விளக்க, இயன்முறை மருத்துவர்கள் இருவருடன் வரத் தயாராக உள்ளோம். சந்திக்க நாள் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர்

நகல்: மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்குநர் அவர்கள், மாற்றுத்திறனாளிகள் நலத் துறை இயக்குநர் அவர்கள்.