குடிலுக்குள் உப்பளம் போடாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. உவர் நிலம் வைத்திருப்பவர்கள் கடைசிவரை படியுங்கள்.

நாகைப் பக்கம் கடலோரம் நிலம் வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் வீட்டுக்கு வந்தான். 25 சென்டில், அதாவது சுமார் 1000 சதுர மீட்டரில், பாதி மானியம் பாதி வங்கிக் கடன் என்று பசுமைக்குடில் போட்டுக் குடைமிளகாய் வைத்திருக்கிறான். இரண்டாம் போகத்திலேயே இலை ஓரம் கருகி, காய் சிறுத்து, பாத்தி ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிட்டது. "உப்பு மண்ணுன்னு சொன்னேன் சார். குடில் போட்டா எல்லாம் சரியாயிடும்னு சொல்லித்தான் வித்தாங்க" என்றான். கடன் தவணை மட்டும் தவறாமல் வருகிறது.

குடில் போட்டால் உப்புச் சரியாகாது, கூடும். விற்கிறவர்கள் சொல்லாததை நான் சொல்கிறேன்.

உப்புக் கரைசலை ஆவியாக்கினால் என்ன மிஞ்சும் என்று வகுப்பில் கேட்டேனே, நினைவிருக்கிறதா? உப்பு. வேதாரண்யம் உப்பளத்தில் நடப்பதும் அதுதான், இவன் குடிலில் நடப்பதும் அதுதான். நான் சொன்ன பிறகு போர் தண்ணீரைச் சோதித்தான். இ.சி. 2 என்று வந்தது. அப்படியென்றால் லிட்டருக்கு ஏறத்தாழ 1.28 கிராம் உப்பு. நாளைக்கு 4000 லிட்டர் விட்டால் 5 கிலோ. 120 நாளில் 600 கிலோவுக்கு மேல். 50 கிலோ மூட்டையில் 12 மூட்டை உப்பை அவனே சொட்டுநீர்க் குழாய் வழியாக நிலத்தில் கொட்டியிருக்கிறான். உரத்தில் வரும் உப்பு தனிக்கணக்கு.

வெளி வயலில் ஐப்பசி, கார்த்திகை மழை அந்த உப்பைக் கழுவிக் கீழே இறக்கிவிடும். குடிலில் கூரை அந்த மழையை மறித்துவிடுகிறது. சொட்டுநீரோ ஈரம் முடிகிற ஓரத்தில் உப்பை ஒதுக்கிக்கொண்டே போகிறது.

அடுத்து, பயிர்த் தேர்வு. மண் கரைசலின் இ.சி. 1.5-ஐத் தாண்டினாலே குடைமிளகாய் தளரும். அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் 14 சதவீதம் அளவுக்கு விளைச்சல் விழும். வெள்ளரியும் தக்காளியும் 2.5 வரை தாங்கும். பீன்ஸ் 1-க்கே சோர்ந்துவிடும். உவர் நிலத்துக்காரனிடம் குடைமிளகாயை வைக்கச் சொன்னது யார்?

"ஜிப்சம் போடுங்கள்" என்பார்கள். உவர் வேறு, களர் வேறு. சோடியம் மண்ணைப் பிடித்துக்கொண்ட களருக்குத்தான் ஜிப்சம். வெறும் உவருக்கு நல்ல தண்ணீரும் வடிகாலும்தான் மருந்து. "உப்பை முறிக்கும் திரவம்" என்று புட்டியில் விற்பார்கள். உப்பு எங்கே போகும் என்று அவர்களைக் கேளுங்கள். ஒன்று வேருக்குக் கீழே இறங்க வேண்டும், அல்லது வடிகாலில் வெளியேற வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

மழையை மறிக்கும் அதே கூரைதான் நமக்கு வழியும் காட்டுகிறது. நாகைப் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1300 மி.மீ. மழை. சேதாரம் போக 1000 மி.மீ. பிடித்தாலும் அந்த 1000 சதுர மீட்டர் கூரையிலிருந்து 10 லட்சம் லிட்டர், உப்பில்லாத தண்ணீர். ஒரு போகத்துக்கு 4.8 லட்சம் போதும். ஓரடி ஆழ மண்ணில் ஓரடி நல்ல தண்ணீரைத் தேக்கி வடித்தால் உப்பில் பெரும்பகுதி இறங்கிவிடும். அதற்கு 3 லட்சம். இரண்டும் போக மிச்சமும் இருக்கும். அதைச் சேமிக்க 20 மீட்டருக்கு 20 மீட்டர், 2.5 மீட்டர் ஆழத்தில் தார்ப்பாய் விரித்த குளம் வேண்டும். செலவுதான், இடமும் போகும். ஆனால் குளமில்லாத குடில் அதைவிடப் பெரிய செலவு. சிறிய குளம்தான் முடியும் என்றால் மூன்று பங்கு மழைநீருக்கு ஒரு பங்கு போர் தண்ணீர் கலந்து, கிடைக்கிற தண்ணீருக்குத் தகுந்த பரப்பில் மட்டும் பயிர் வையுங்கள். நெதர்லாந்தில் குடிலை ஒட்டி மழைநீர்க் குளம் வெட்டுவது வழக்கம். மழைக்குப் பஞ்சமில்லாத ஊர்க்காரர்களே அப்படிச் செய்கிறார்கள்.

"சார், தென்னை நார்க்கழிவுப் பையில் வைத்தால்?" என்று கேட்பீர்கள். வைக்கலாம். ஆனால் அந்த நார்க்கழிவிலேயே உப்பு இருக்கும். கழுவி, இ.சி. பார்த்துவிட்டு வையுங்கள். பைக்கும் நல்ல தண்ணீர்தான் வேண்டும்.

குளத்துக்கு இடமில்லை, போர் தண்ணீரும் உப்பு என்றால் குடில் போடாதீர்கள். நிழல்வலை போதும். வலை மழையை உள்ளே விடும்.

"வாத்தியாருக்கு விவசாயம் என்ன தெரியும்?" என்று யாராவது எழுதுவீர்கள். எழுதுங்கள். இது விவசாயம்கூட இல்லை, பெருக்கல் கணக்கு. அவனுக்கு விற்றவர்களும் கடன் கொடுத்தவர்களும் அந்தக் கணக்கைப் போடவில்லை. தண்ணீரின் இ.சி. என்ன என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கையெழுத்துப் போடும் முன் ஒரு பாட்டில் போர் தண்ணீரையும் ஒரு பை மண்ணையும் ஆய்வுக்கூடத்தில் கொடுங்கள். முடிவு வந்ததும் எனக்கு அனுப்புங்கள், கணக்கை நானே போட்டுத் தருகிறேன். இவனுக்குத்தான் முன்கூட்டியே சொல்ல முடியாமல் போய்விட்டது.