ஐந்தில் வளைத்தால் போதுமா?

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" நம் இல்லங்களிலும் மறைக்கல்வி வகுப்புகளிலும் ஓயாமல் ஒலிக்கும் பழமொழி இது. பிள்ளைகளை வளைப்பதிலேயே குறியாயிருக்கும் நாம், ஐந்து வயதில் அவர்களை விளையாட விட்டோமா என்று ஒருநாளும் கேட்டதில்லை. 'விளையாட்டுப் பிள்ளை' என்பதையே வசைமொழியாக்கிவிட்டோம். இது அறியாமை மட்டுமன்று, அநீதியும்கூட.

விளையாட்டு வெறும் பொழுதுபோக்கன்று; மனம் வளரும் வழி அது. கூட்டாஞ்சோறு ஆக்கும் சிறுமி, பகிர்ந்துண்ணப் பழகுகிறாள். கோலியில் தோற்ற சிறுவன், தோற்றாலும் நட்பு முறியாது என்று கற்கிறான். பல்லாங்குழி ஆடுவோர் தம் முறை வரும்வரை காத்திருக்கக் கற்கின்றனர். உளவியலார் எரிக் எரிக்சன் 1950இல் வெளியிட்ட தம் நூலில் மனித வாழ்வை எட்டுப் பருவங்களாகப் பகுத்தார். விளையாட்டுப் பருவத்தில் தானே முன்வந்து செயலாற்றும் துணிவு முளைக்க வேண்டும். அதை நசுக்கினால் குற்றவுணர்வு வேரூன்றும். வளரிளம் பருவத்தில் 'நான் யார்?' என்னும் வினாவுக்கு விடை காண வேண்டும். முதுமையில், வாழ்ந்த வாழ்வை நிறைவோடு ஏற்க வேண்டும். இயலாவிடில் கசப்பே மிஞ்சும். ஒரு பருவத்தில் தீராத குறை அடுத்த பருவத்திற்கும் சுமையாகிறது.

இனி நம் ஆம்பூரைப் பாருங்கள். காலணித் தொழிற்சாலைப் பேருந்துகள் காலையிலேயே தாய்மாரை ஏற்றிச் செல்கின்றன. வீட்டிலிருக்கும் பெண்களுள் பலர் காலணியின் மேல்பாகங்களைக் கூலிக்குத் தைக்கின்றனர். பள்ளி விட்ட பிள்ளை நேரே டியூஷனுக்கு ஓடுகிறது. ஓடியாட இருந்த பாலாறோ, தோல் ஆலைக் கழிவால் பாழானது. 1996இல் உச்ச நீதிமன்றம் இதற்கெதிராகத் தீர்ப்பளித்தும், 2025இல் மீண்டும் ஒரு தீர்ப்பு தேவைப்பட்டது. பிள்ளையின் நேரத்தையும் பறித்தோம், இடத்தையும் பறித்தோம். அவனே பதினாறு வயதில் கைப்பேசிக்குள் ஒடுங்கும்போது, "காலம் கெட்டுவிட்டது" என்கிறோம். காலத்தின்மேல் ஏன் பழி?

முதியோர் நிலை என்ன? பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்வரை பாட்டி வேண்டும். பிறகு அவர் மூலையில் கிடக்கும் சுமை. கதை சொல்ல அவர் இருக்கிறார். கேட்கத்தான் பிள்ளைக்கு நேரமில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்கும் உலக நாளொன்றை ஏற்படுத்தினார். நாமோ அன்று சால்வை போர்த்திப் படமெடுத்துக்கொண்டு கலைந்துவிடுகிறோம்.

"ஏழைத் தொழிலாளிக்கு விளையாட்டு ஆடம்பரம், படித்தால்தானே என் மகன் தோல் ஷாப்பிலிருந்து தப்புவான்?" என்று ஒரு தந்தை கேட்கலாம். அவருடைய அச்சம் நியாயமானது. ஆனால் படிப்புக்கு விளையாட்டுப் பகையன்று. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை, 31ஆம் பிரிவில் விளையாட்டை உரிமையாகவே அறிவிக்கிறது. இந்தியா 1992இல் அதை ஏற்றது. உரிமை என்றால் அது ஏழைப் பிள்ளைக்கும் உரியதே.

நம் திருச்சபைக்கும் இது புதிதன்று. துரின் நகரில் வேலை தேடி அலைந்த ஏழைச் சிறுவர்களைப் புனித தொன் போஸ்கோ கூட்டிச் சேர்த்தபோது, செபக்கூடத்தோடு விளையாட்டுத் திடலையும் அமைத்தார். திருப்பத்தூரில் 1951இல் தூய நெஞ்சக் கல்லூரியைத் தொடங்கியவர்கள் அவருடைய சபையினரே. அவருடைய திருநாளைக் கொண்டாடும் நாம், கோவில் வளாகத்தில் பந்து உருண்டால் மட்டும் ஏன் சீறுகிறோம்?

எனவே பொதுநிலையினராகிய நாம் செய்ய வேண்டியவை சில உள்ளன. மாலையில் கோவில் வளாகத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடக் கேட்போம். அவர்களைக் கண்காணிக்கவும், கதை சொல்லவும், பழைய ஆட்டங்களைக் கற்றுத்தரவும் அன்பியத்தின் முதியோரை அழைப்போம். மறைக்கல்வியை இன்னொரு மதிப்பெண் பந்தயமாக்குவதை நிறுத்துவோம். வேலை முடிந்து வரும் பெற்றோர், நாளுக்கு அரைமணி நேரமேனும் பிள்ளையோடு தரையில் அமரட்டும்.

இறைவாக்கினர் செக்கரியா, மீட்புப் பெற்ற எருசலேமைக் கண்டபோது, எட்டாம் அதிகாரத்தில் தீட்டிக் காட்டுவது கோட்டையையோ கருவூலத்தையோ அன்று. கையில் கோலோடு முதியோர் அமர்ந்திருக்கும் வீதிகளில் சிறுவரும் சிறுமியரும் விளையாடுவதையே அவர் காட்டுகிறார். ஆம்பூரின் வீதிகள் அவ்வாறு ஆகும் நாளுக்காகச் செபிப்போம். செபித்துவிட்டு, கோவில் வளாகத்தின் கதவையும் திறப்போம்.