நின்று பார்க்கிறவன் கட்சி

ஜல்லிக்கட்டைப் பற்றி எழுதப் பேனாவை எடுத்தால் போதும், "நீர் எந்தக் கட்சி?" என்று கேட்டுவிடுகிறார்கள். காளையின் கட்சியா, மாடுபிடி வீரரின் கட்சியா? 2014 மே 7ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தடை விதித்தது. 2017 ஜனவரியில் மெரினா கடற்கரையில் இளைஞர்கள் இரவும் பகலும் உட்கார்ந்து சட்டத்தைத் திருத்த வைத்தார்கள். 2023 மே 18ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் சேர்ந்து, அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். இத்தனை காலமும் இரண்டு கட்சிக்கும் பெரிய பெரிய வக்கீல்கள் வாதாடினார்கள். ஆனால் மூன்றாவதாக ஒரு கட்சி உண்டு. அதற்கு வக்கீலும் கிடையாது, கொடியும் கிடையாது. விடியுமுன் எழுந்து, பஸ் மாறி, மைல் கணக்கில் நடந்து, வெயிலில் நின்று, முன்னால் நிற்பவனின் முதுகை மட்டும் தரிசித்துவிட்டு வீடு திரும்புகிறவனின் கட்சி அது. அடியேன் அந்தக் கட்சி.

புதுக்கோட்டை மாவட்டத்துக்காரனுக்கு இது சின்ன விஷயம் அல்ல. எங்கள் மாவட்டம் உதயமானதே 1974 ஜனவரி 14ஆம் தேதி, பொங்கல் சமயத்தில்தான். தமிழ்நாட்டிலேயே வாடிவாசல்கள் அதிகம் உள்ள மாவட்டம் எங்களுடையது என்று மார்தட்டிக்கொள்கிறோம். வருஷத்தின் முதல் ஜல்லிக்கட்டு பெரும்பாலும் கந்தர்வகோட்டைப் பக்கத்துத் தச்சங்குறிச்சியில்தான். 2024இல் ஜனவரி 6, 2025இல் ஜனவரி 4. மதுரைக்காரர்கள் பொங்கலுக்குக் கரும்பு வாங்குமுன்பே எங்கள் பக்கத்துக் காளைகள் வாடிவாசலைத் தாண்டிவிடும். இவ்வளவு பெருமை உள்ள ஊரில், அந்தப் பெருமையைப் பார்க்க வருகிற மனிதனை எப்படி நடத்துகிறோம்?

என் கதையையே சொல்கிறேன். ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்த ஊர் வருத்தப்படும். மற்ற ஊர்கள் தப்பித்துக்கொள்ளும்.

காலை ஐந்து மணிக்கு பஸ் நிறுத்தத்தில் நின்றேன். அந்த ஊர்ப் பக்கம் போகிற பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. காளைகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக மினி வேனில் சௌகரியமாகப் பிரயாணம் செய்துகொண்டிருந்தன. கடைசியில் ஒரு ஷேர் ஆட்டோவில் பதினோராவது ஆளாகத் தொற்றிக்கொண்டேன். ஊருக்கு வெகு தூரம் முன்னாலேயே வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். நடந்தோம். வாடிவாசலை நெருங்கினால் சவுக்குக் கம்பு வேலி. அதற்கு முன்னால் பத்து வரிசை மனிதர்கள். பக்கத்தில் அழகான காலரி ஒன்று இருந்தது. பாதிக்கு மேல் காலி. ஏணியில் காலை வைத்தேன். "பாஸ் இருக்கா சார்?" என்றார் ஒருவர். காலை எடுத்துவிட்டேன்.

பக்கத்தில் ஒரு பெரியவர், தலையில் துண்டு, வாயில் வெற்றிலை. "மாட்டுக்கு டோக்கன் குடுத்தாக, பிடிக்கிறவனுக்குப் பனியன் குடுத்தாக. நமக்கு என்ன தம்பி குடுத்தாக?" என்றார்.

"வெயில் கொடுத்திருக்கிறார்களே ஐயா!" என்றேன்.

சிரித்தார். "அப்ப வாங்க, மாடு வெளியே போற பக்கம் போயி நிப்போம். அங்க ஒருத்தனும் மறைக்க மாட்டான்."

போனோம். உண்மைதான், அங்கே யாரும் மறைக்கவில்லை. வேலியும் மறைக்கவில்லை! களத்தைக் கடந்த காளைகளை உரிமையாளர்கள் கயிறு போட்டுப் பிடித்துப் போகிற இடம் அது. ஒலிபெருக்கியில் "மாடு பிடிபடல, மாட்டுக்காரர் வந்து கட்டில் வாங்கிக்கங்க!" என்ற குரல் கேட்டு முடிவதற்குள், கட்டிலை வென்ற அந்தக் காளையே எங்கள் முன் நின்றது. நான் கருவேலம் புதருக்குள் பாய்ந்தேன். பெரியவர் என் வயதுக்காரரைப்போல ஒரு டிராக்டர் மேல் ஏறிவிட்டார். முள்ளைப் பிடுங்கிக்கொண்டே வீட்டுக்கு வந்து, இதை ஒரு நகைச்சுவைக் கதையாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை.

ஏன்? பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்துச் சிராவயல் மஞ்சுவிரட்டு நினைவுக்கு வந்தது. 2024 ஜனவரி 17ஆம் தேதி அங்கே மாடு முட்டி மாண்ட இருவரில் ஒருவன் சிறுவன். 2025 காணும் பொங்கலன்று தமிழ்நாட்டில் பல ஊர்களில் பலியானவர்களிலும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இருந்தார்கள். எங்கள் விராலிமலையில் 2019 ஜனவரி 20ஆம் தேதி உலக சாதனைக்கென்று 1,300க்கு மேற்பட்ட காளைகளை அவிழ்த்துவிட்டோம். காளைகளை ஒன்றுவிடாமல் எண்ணினோம். அன்றைக்கு மாண்டவர் இருவர்.

வீரன் தெரிந்தே களத்தில் இறங்குகிறான்; அவனுக்குப் பரிசும் உண்டு, பேரும் உண்டு. பார்க்க வந்தவன் எதற்காக உயிரை விட வேண்டும்? அவன் ஆபத்தான இடத்தில் போய் நிற்பது திமிரினால் அல்ல. பத்திரமான இடத்தில் அவனுக்கு இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

விதிகள் இல்லாமல் இல்லை. காளையை வைத்தியர் பார்க்க வேண்டும், வீரரை டாக்டர் பார்க்க வேண்டும், காலரியின் உறுதியைப் பொதுப்பணித் துறை பார்க்க வேண்டும். எல்லாம் நல்ல விதிகள். ஆனால் காலரியில் ஏற முடியாதவனை யார் பார்க்க வேண்டும்?

"அதற்குத்தான் அரங்கம் கட்டியாயிற்றே!" என்பார்கள். ஆம். அலங்காநல்லூருக்கு அருகே கீழக்கரையில் 2024 ஜனவரி 24ஆம் தேதி கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கம் திறக்கப்பட்டது. 40 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. சுமார் 5,000 பேர் உட்காரலாம். கம்பீரமான கட்டடம்தான், மறுக்கவில்லை. ஆனால் தச்சங்குறிச்சிக்காரனுக்கும் ஆலங்குடிக்காரனுக்கும் அதனால் என்ன? ஜல்லிக்கட்டு ஊர்க் கோயிலோடும் ஊர்த் திடலோடும் பிறந்தது. அதைத் தூக்கி மதுரைக்குக் கொண்டுபோக முடியாது. பார்க்கிறவனை மதுரைக்கு வா என்பதும் நியாயமில்லை.

இந்த வழக்கு நமக்கு மட்டும் உரியதல்ல. அயர்லாந்தில் ஹர்லிங், கேலிக் கால்பந்து இரண்டையும் ஒரே சங்கம்தான் நடத்துகிறது. 2018 ஜூனில், கில்டேர் அணி தன் சொந்த மைதானத்தில் ஆட வேண்டிய கால்பந்துப் போட்டியை, மைதானம் சிறியது என்று சொல்லி, டப்ளினில் உள்ள பிரம்மாண்டமான கிரோக் பார்க்குக்கு மாற்றியது அந்தச் சங்கம். "எங்கள் ஊர் இல்லையேல் ஆட்டமே இல்லை" என்று கில்டேர்க்காரர்கள் ஒரே பிடியாக நின்றார்கள். சங்கம் இறங்கி வந்தது. ஆட்டம் சொந்த ஊரிலேயே நடந்தது, கில்டேரே ஜெயித்தது! கேட்டால் கிடைக்கிறது, வாசகர்களே. நாம்தான் கேட்பதில்லை.

"டெலிவிஷனில் பாரேன்" என்கிறார் ஒரு நண்பர். "மரத்தில் தொற்றிக்கொண்டு பார்ப்பதல்லவா சுகம்!" என்கிறார் இன்னொருவர். இரண்டாமவர் எப்போதும் பாஸ் உள்ளவர் என்பதைக் கவனித்திருக்கிறேன். சி.சு. செல்லப்பா 'வாடிவாசல்' எழுதியபோது, காளைகளின் குணத்தையும் களத்தின் பழங்கதையையும் சொல்ல ஜமீன்தாரைக் கூப்பிடவில்லை. கூட்டத்தில் நிற்கிற ஒரு கிழவனைத்தான் கூப்பிட்டார். மேடையில் இருப்பவர் பரிசைக் கொடுக்கலாம். எந்தக் காளை எந்த வருஷம் யாரைத் தூக்கி எறிந்தது என்று நினைவில் வைத்திருப்பவன் கூட்டத்தில் நிற்கிறவன். அவனை டெலிவிஷனுக்கு அனுப்பிவிட்டால், மிஞ்சுவது மாடும் மனிதனும் முட்டிக்கொள்கிற ஒரு கணக்குத்தான்.

எங்கள் கட்சி கேட்பது கோடி ரூபாய் அல்ல. காளைகள் வெளியேறுகிற பாதை முழுதும், கயிறு போடுகிற இடம்வரை, வேலி வேண்டும். காலரியில் பாதி இடம் பாஸ் இல்லாமல் வருகிறவனுக்கு என்று எழுதி வைக்க வேண்டும். ஆட்டம் நடக்கும் நாளில் விடியற்காலை முதல் மாலைவரை புதுக்கோட்டையிலிருந்து தனி பஸ்கள் போய் வர வேண்டும். ஒரு கீற்றுப் பந்தல், ஒரு குடம் தண்ணீர், பெண்கள் ஒதுங்க ஒரு மறைவிடம். இவ்வளவும் செய்த பிறகே அனுமதிக் கடிதத்தில் கையெழுத்து விழ வேண்டும். வீரருக்குக் கார் பரிசு கொடுக்க முடிந்த நாட்டில் இது முடியாதா?

அடுத்த தைக்கு நானும் அந்தப் பெரியவரும் மறுபடி போகத்தான் போகிறோம். டிராக்டர் மேல் ஏறுகிற வயது அவருக்கு இல்லை. காலரியில் அவருக்கு ஓர் இடம் வேண்டும்.