குழந்தை எந்த மொழியில் முறையிடும்?

தானே மாவட்டம் பத்லாபூரில், மழலையர் வகுப்புச் சிறுமிகள் இருவரிடம் பள்ளித் துப்புரவு ஊழியர் ஒருவர் தகாத முறையில் நடந்ததாக 2024 ஆகஸ்டு மாதம் புகார் எழுந்தது. 20-ந் தேதி ஆயிரக்கணக்கான மக்கள் திரண்டு தண்டவாளத்தில் மறியல் செய்தார்கள். லோக்கல் ரயில்கள் பல மணி நேரம் நின்றன. பம்பாய் உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, புகாரைப் பதிவு செய்வதில் ஏற்பட்ட தாமதத்தைக் கண்டித்தது.

அதன்பின் மராட்டிய அரசு பல உத்தரவுகளைப் பிறப்பித்தது. பள்ளிகளில் கண்காணிப்புக் கேமரா, புகார்ப் பெட்டி, ஊழியர்களின் பின்னணி பற்றிய விசாரணை ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

இவை எல்லாம் வேண்டியவையே. ஆனால் எழுதத் தெரியாத நான்கு வயதுக் குழந்தைக்குப் புகார்ப் பெட்டியால் என்ன பயன்? பத்லாபூரில் உண்மை வெளிவந்தது குழந்தை வீட்டாரிடம் வாய் திறந்து சொன்ன பிறகுதான்.

மும்பையில் வாழும் நம்மவர்கள் சிந்திக்க வேண்டிய இடம் இதுவே. நம் குழந்தைக்கு வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம் அல்லது மராத்தி. வயிற்று வலியைக்கூட ஆசிரியையிடம் சொல்லத் தெரியாமல் அழும் பிள்ளை, இதைவிடப் பெரிய துன்பத்தை எப்படிச் சொல்லும்?

சட்டம் கூறுவது என்ன?

2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29-வது பிரிவு மூன்று விஷயங்களை அடுத்தடுத்துக் கூறுகிறது. குழந்தை செயல் மூலமும் தானே தேடிக் கண்டறிந்தும் கற்க வேண்டும். இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும். அச்சமின்றித் தன் எண்ணத்தை வெளியிடக் குழந்தைக்கு உதவ வேண்டும்.

இம்மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை. கதை சொல்லி, படம் வரைந்து, நடித்துக் காட்டிப் பழகும் குழந்தைக்குப் பேசும் துணிவு வருகிறது. கரும்பலகையைப் பார்த்து எழுதுவதும், கூட்டாக ஒப்பிப்பதுமே படிப்பு என்றால், கேட்டால் ஒழியப் பேசக்கூடாது என்பதையே அது கற்றுக்கொள்கிறது.

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்துகிறது. தமிழும் அவற்றில் ஒன்று. ஆயினும் பலரும் ஆங்கிலப் பள்ளியையே நாடுகிறார்கள். நாளைய உத்தியோகத்தை எண்ணிச் செய்வதால் அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் சேர்க்கும்போது, பிள்ளையின் பேச்சைப் புரிந்துகொள்ள அங்கு ஒருவராவது உண்டா என்று கேட்பது அவசியம். மாநகராட்சிப் பள்ளியாயின் நிர்வாகக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோரே இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். அந்த இடங்களில் நம் தாய்மார்கள் அமர வேண்டாமா?

போலீசுக்கு அஞ்ச வேண்டியதில்லை

அசம்பாவிதம் நேர்ந்தால், மொழி தெரியாத ஊரில் போலீஸ் நிலையம் ஏறுவதா என்று தயங்கிப் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். 2012-ம் ஆண்டு போக்சோ சட்டம் இதற்கும் வழி செய்திருக்கிறது. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். இயன்றவரை பெண் சப்-இன்ஸ்பெக்டரே வர வேண்டும், சீருடையில் வரக்கூடாது. குழந்தைக்கு மொழி புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய வேண்டும். இது சலுகை அன்று, உரிமை. தம் ஊழியர் செய்த குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காத பள்ளி நிர்வாகிக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

1098 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் உதவி கோரலாம். 1996-ல் இந்தச் சேவை தொடங்கியதே மும்பையில்தான்.

ஷிப்டு முடிந்து களைத்து வரும் தகப்பன், "இன்று எத்தனை மார்க்?" என்றுதான் வழக்கமாகக் கேட்கிறான். "இன்று யாரோடு விளையாடினாய்? யாராவது உன்னை அழ வைத்தார்களா?" என்று தமிழில் கேட்டுவிட்டு, பதிலை முழுவதும் காது கொடுத்துக் கேட்கட்டும். சட்டம் தன் வேலையைத் தொடங்குவதற்கும் அந்தப் பதில் முதலில் நம் காதில் விழ வேண்டும்.