சகாயமும் நயமும்

பழைய நாட்களில் கடை விளம்பரங்களிலே “நயமான சரக்கு, சகாயமான விலை” என்னும் வாசகம் அடிக்கடி காணப்படும். அவ்வர்த்தகர் யாவரும் சொன்னபடி நடந்தனரோ அறியோம். ஆயினும் நயத்தை முன்னும் சகாயத்தைப் பின்னும் வைத்த முறை கவனிக்கத்தக்கது. இக்காலத்துச் சந்தையோ நம் உள்ளங்கையிலுள்ள கைபேசிக்குள் வந்து அமர்ந்துவிட்டது. அதில் சகாயம் பெரிய எழுத்தில் மின்னுகிறது. நயத்தை நாமே தேடிக் காணவேண்டியிருக்கிறது. மின்சாதனங்களை இணையத்தின் வழியாய் வாங்குவோர் கொடுத்த பணத்திற்குத் தக்க பயன் பெறுவது எங்ஙனம் என்பதைக் குறித்துச் சில கருத்துக்களை ஈண்டு எழுதத் துணிகிறேன்.

எங்கள் கொருக்குப்பேட்டை ரயில் நிலையத்தில் இரண்டு இருப்புப்பாதைகள் வந்து கூடுகின்றன. ஒன்று சென்ட்ரலிலிருந்தும், மற்றொன்று கடற்கரை நிலையத்திலிருந்தும் வருவன. முதற்பாதையின் முனையில் 1900ஆம் ஆண்டு திறக்கப்பெற்று 1985இல் தீக்கிரையான மூர் மார்க்கெட் இருந்தது. மற்றதன் முனையில், பர்மாவினின்றும் திரும்பிய தமிழ்க் குடும்பங்களின் ஜீவனத்திற்காக 1960களின் இறுதியில் ஏற்பட்ட பர்மா பஜார் இன்றும் உள்ளது. துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் உழைத்துக் கூலி பெற்ற எங்கள் முன்னோர் வானொலிப் பெட்டியும் கைக்கடிகாரமும் வாங்க இவ்விரு திசைகளுக்கே சென்றனர். பெட்டியைக் கையிலெடுத்துக் குலுக்குவர். மின்கலம் இட்டுப் பாடவைப்பர். விலையைப் பாதிக்குப் பாதியாகக் கேட்பர். படியாவிடில் இரண்டடி நடந்து, கடைக்காரர் திரும்ப அழைக்கும் குரலுக்காகக் காதைத் தீட்டி வைத்துக்கொள்வர். அவர்களில் பலர் எழுத்தறியாதவர். எனினும் எளிதில் ஏமாறாதவர். பேரம் என்பது அவர்களுக்கு வாயின் வித்தையாய் இருந்தது.

இணையச் சந்தையில் அவ்வித்தைக்கு இடமில்லை. குலுக்கிப் பார்க்கச் சரக்கில்லை. திரும்ப அழைக்கக் குரலுமில்லை. ஆனால் பேரம் அடியோடு ஒழிந்துவிட்டதென்று எண்ணுவது பிழை. அது வாயை விட்டுக் கண்ணுக்கு மாறியிருக்கிறது என்பதே என் துணிபு. இதை நான் கற்றது நூலினாலன்று, நஷ்டத்தினால்.

2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் மிக்ஜாம் புயலின் மழைநீர் வட சென்னையின் தாழ்ந்த தெருக்களில் புகுந்து நாட்கணக்கில் நின்றது. எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி அதில் மாண்டது. நான் அப்பொழுது பள்ளி மாணவன். நீர் வடிந்த சில தினங்களில் கைபேசியில் ஒரு பெட்டியைக் கண்டோம். பெரிய தொகை ஒன்று அடிக்கப்பட்டு, அதனருகே சிறிய தொகை ஒன்று. கீழே ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம். வட்டியில்லாத் தவணை என்னும் வாக்குறுதி. என் தாயார் மூன்று வினாக்கள் கேட்டார்கள்: “விக்கிறது யாரு? கெட்டுப்போனா யாரு வருவா? திருப்பிக் கொடுத்தா காசு வருமா?” நான் ஒன்றையும் படித்துப் பாராமல், “பெரிய கம்பெனி அம்மா, பயமில்லை” என்று சொல்லிப் பொத்தானை அழுத்தினேன். வந்த பெட்டி பத்தாம் நாள் குளிர மறுத்தது. பணம் திரும்பாது, மாற்றுப் பெட்டியும் ஏழு தினங்களுக்குள் கேட்டாலன்றிக் கிடையாது என்ற நிபந்தனை ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் முன்னரே இருந்தது. பழுது பார்க்க ஆள் வரப் பின்னும் மூன்று வாரங்கள் ஆயின. தாயாரின் வினாக்கள் மூன்றும் தேர்ந்த வியாபாரி கேட்கும் வினாக்கள். விடை பக்கத்திலேயே இருந்தது. படிக்கத் தெரிந்தவன் படிக்கவில்லை.

அவ்வினாக்களையே வரிசையாய் எடுத்துக்கொள்வோம். விற்பவர் யார்? இணையத்தில் பெரும்பாலும் சந்தை நடத்துவோர் வேறு, சரக்கு விற்போர் வேறு. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி விற்பவரின் பெயரும் முகவரியும், சரக்கு எந்நாட்டில் உண்டாயிற்று என்பதும் பக்கத்தில் காட்டப்படவேண்டும். சந்தையின் புகழை நம்பி விற்பவரின் பெயரைப் பாராது வாங்குவது, பட்டணத்தின் பெயரை நம்பித் தெருவை விசாரியாது வீடு வாங்குவதை ஒக்கும்.

விலை யாது? அடிக்கப்பட்டிருக்கும் பெரிய தொகை பெரும்பாலும் சரக்கின்மேல் அச்சிடப்படும் உச்சவரம்பு விலையே. அதற்குமேல் விற்கலாகாது என்பதே அதன் பொருள், அவ்விலைக்கு அது என்றேனும் விற்றது என்பதன்று. ஆகவே தள்ளுபடியின் அளவை அதனோடு ஒப்பிடுவதில் பிரயோஜனமில்லை. அதே மாதிரி எண்ணுள்ள பொருளை ரிச்சி தெருவிலோ நம் பேட்டைக் கடையிலோ என்ன விலைக்குக் கொடுக்கிறார்கள் என்று கேட்டு அதனோடு ஒப்பிடுவதே முறை. வட்டியில்லாத் தவணையும் அத்தகையதே. வட்டியே இல்லாத கடன் என்பது உண்மையில் இல்லை என்றும், வட்டி வேறு கட்டணங்களின் வடிவில் மறைந்து வருகிறது என்றும் 2013ஆம் ஆண்டிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது. எல்லாத் தவணைகளையும் கட்டணங்களையும் கூட்டி வருவதே மெய்யான விலை.

வாங்கும் விலையோடு உழைக்கும் செலவையும் கூட்டவேண்டும். சாதாரண மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் கொள்ளும்; புதுவகை மோட்டார் அமைந்த விசிறிக்கு 30 வாட் அளவே போதும். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் சுழன்றால் ஆண்டில் ஏறக்குறைய 197 யூனிட் மிச்சமாகும். மலிவாய் வாங்கிய விசிறி அவ்வேறுபாட்டை ஆண்டுதோறும் மின்கட்டணத்தில் வசூலித்துவிடும். நட்சத்திர முத்திரையைப் பார்க்கவேண்டுவது இக்காரணம் பற்றியே. மின்னூட்டி, கையடக்க மின்கலப் பெட்டி போன்றவற்றில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் இருத்தல் கட்டாயம். பி.ஐ.எஸ். கேர் என்னும் செயலியில் அவ்வெண் மெய்யானதா என்று சோதிக்கலாம். இதில் மிச்சம் பிடிப்பவர் வீட்டில் தீயை விலைக்கு வாங்குபவராவார்.

இனி, ஓடும் கடிகாரம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30ஆம் தேதி வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், கொள்வோரை மயக்கும் 13 வகைத் தந்திரங்களைத் தடுக்கின்றன. பொய்யான அவசரம் காட்டுவதும், கேளாத பொருளைக் கூடையில் நுழைப்பதும் அவற்றுள் அடங்கும். கடிகாரம் ஓடினால் கைபேசியை வைத்துவிட்டு ஓரிரவு பொறுத்திருத்தல் நலம். மூர் மார்க்கெட்டில் இரண்டடி நடந்த நம் முன்னோரின் வித்தைக்கு இணையத்தில் அதுவே ஈடு. பிறர் எழுதிய மதிப்புரைகளிலும் ஐந்து நட்சத்திரப் புகழ்ச்சியை விட, மூன்று நட்சத்திரம் அளித்து ஆறு மாத அனுபவத்தைக் கூறுவோரின் சொல்லே பயன்படும்.

கெட்டுப்போனால் யார் வருவார்? வாங்குமுன் பழுது பார்க்கும் நிலையம் அருகிலுண்டா என்று விசாரிக்கவேண்டும். வந்த பொட்டலத்தைப் பிரிக்கும்போது படம் பிடித்து, ரசீதையும் பெட்டியையும் பாதுகாக்கவேண்டும். முறையிட்டால் 48 மணி நேரத்திற்குள் அதைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்திற்குள் தீர்த்துவைக்க விதியுண்டு. தவறினால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்றவர் எவ்வூரினராயினும் நாம் வசிக்கும் இடத்திற்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்கிடலாம்; கொடுத்த விலை ஐந்து லட்ச ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணமும் இல்லை.

இவ்வளவு தொல்லை எதற்கு, தெருமுனைக் கடையிலேயே வாங்கிவிடலாமே என்பாரும் உளர். அவர் கூற்றில் பாதி உண்மை. குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் எந்திரம் போன்ற பெரும் பொருள்களைத் தெரிந்த கடையில் சற்று அதிகம் கொடுத்து வாங்குவது நஷ்டமன்று; கேட்டால் முகம் காட்டும் ஒருவருக்கு நாம் கொடுக்கும் கூலி அது. ஆனால் இணையம் ஏழைக்குச் செய்த நன்மையையும் மறுக்கலாகாது. அடையாற்றில் உள்ளவருக்குக் கிடைக்கும் பொருளும் விலையும் கொருக்குப்பேட்டைச் சந்துக்கும் வருகின்றன. கருவி குற்றமுடையதன்று, கண்ணை மூடிக்கொண்டு அதை ஆளுவதே குற்றம்.

இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்து நெசவாளரும் பிற தொழிலாளரும் 1844இல் கலப்படமற்ற சரக்கை நேர்மையான அளவில் பெறத் தாமே ஒரு பண்டகசாலை கண்டனர். நம் பட்டணத்தில் 1904இல் திருவல்லிக்கேணிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. கொள்வோர் கூடி நின்றாலே நயம் கிடைக்கும் என்பது அவர்கள் கண்ட உண்மை. நாம் புதிதாய்ச் சங்கம் அமைக்கவேண்டுவதில்லை. ஒரு வீட்டுக்குள்ளேயே அக்கூட்டுறவு தொடங்கலாம்.

மாணவ நண்பர்களே! நம்மில் அநேகர் தம் குடும்பத்தில் ஆங்கிலம் படிக்கக்கூடிய முதல் நபர். பெற்றோர் ஒரு மாத உழைப்பை நம் விரல் நுனியில் வைத்து, “நீ பார்த்துச் சொல்” என்கின்றனர். வினாவெழுப்பும் வித்தை அவர்களிடம் உண்டு. விடையைப் படிக்கும் வித்தை நம்மிடம் உண்டு. பொத்தானை அழுத்துமுன் நிபந்தனைகளை உரக்கப் படித்துத் தமிழில் சொல்லுவோம். அவர்கள் கேட்கும் வினாவுக்கு விடை காணும்வரை காத்திருப்போம். நாம் கற்ற கல்விக்கு நம் வீடு கேட்கும் முதல் வட்டி இதுவே. நான் அதைச் செலுத்தத் தவறினேன், நீங்கள் தவறாதிருப்பீர்களாக.