சேறு வாரி இறைக்கும் வண்டிகள்

பல ஆண்டு வியர்வை சிந்திச் சேர்த்த காசில்தான் நம் தோட்ட மக்கள் பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்குகிறார்கள். செம்பனைக் குலை ஏற்றவும், உரமூட்டை இறக்கவும் அதுவே துணை. ஆனால், மட்கார்டு இல்லாமலே ஓட்டுகிறவர்கள் பலர். கேட்டால், “பழைய வண்டிதானே, அதெல்லாம் எதுக்குப்பா!” என்கிறார்கள்.

பழைய வண்டிக்குத்தான் அது அவசியம்! டயர் வாரியெறியும் செம்மண் சேறு சக்கரக் குழிக்குள் அப்பிக்கொண்டு ஈரம் காயாமல் கிடக்கும். பொட்டாஷ் உரத்தின் உப்பும் சேர்ந்தால் தகடு சீக்கிரமே துருப்பிடித்து உதிர்ந்துவிடும். அது போகட்டும். பின்னால் மோட்டாரில் வரும் பிள்ளையின் கண்ணில் கல் தெறித்தால் யார் பதில் சொல்வது?

முதலில் குழியை நன்றாகக் கழுவிக் காயவிட்டு, துருவைச் சுரண்டிச் சாயம் பூசுங்கள். பிறகு பிளாஸ்டிக் உள்ளுறையைப் பொருத்துங்கள். தண்ணீர் வடிய வழி இருக்கட்டும். சக்கரத்துக்குப் பின்னால் ரப்பர் மட்கார்டைத் தொங்கவிடுங்கள். பாரம் ஏற்றி, ஸ்டேரிங்கை இருபக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். டயர் எங்கும் உரசக் கூடாது.

ஆட்களை வேலைக்காட்டுக்கு அனுப்பும் நிர்வாகங்களும் தங்கள் வண்டிகளைக் கவனிக்க வேண்டும். தொழிற்சங்கக் கிளைத் தலைவர்கள் இதை எடுத்துச் சொல்வார்களா?